எழுபத்திரண்டாம் கட்டம்

1

இந்தக் கதை முதலில் ஒரு அலுவலக அறிக்கையாகத்தான் எழுதப்பட்டது. நான்கு பக்கம். தலைப்பு, ‘அசெம்ப்ளர் நிரல் எழுத ஏற்ற எடிட்டர் எது?’ எழுதியவன் நான். கடைசிப் பக்கத்தில் ஒரு எடிட்டரை, அதாவது நிரலைத் தட்டவும் திருத்தவும் உதவும் மென்பொருளை, பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஏழு வாரம் கழித்து, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மூச்சுத் திணறி இறந்துபோனார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

மூன்று தொடக்கங்களைக் கிழித்துப் போட்டேன். (கிழிக்கவில்லை. திரையில் அழித்தேன். கிழித்தேன் என்று சொன்னால்தான் எழுதுகிறவன்போல இருக்கிறது.) மறைப்பானேன், இங்கேயே தருகிறேன்.

ஒன்று: ‘அவன் விரல்கள் விசைப்பலகையின் மேல் தயங்கி நின்றன. வெளியே மழை—’ மழை எதுவும் பெய்யவில்லை. ‘அவன்’ என்று ஒருவனும் இல்லை, நான்தான்.

இரண்டு: ‘தவறு யார்மீதும் இல்லை, நடைமுறையில்தான்—’ இது முதல் விசாரணையில் நான் சொன்ன வாக்கியம். அதை மறுபடி இங்கே கொண்டுவர எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மூன்று: ‘ஒரே ஒரு புள்ளி.’ அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. வியாழன் காலை பத்து மணிக்கு இரண்டாவது விசாரணை. அதற்குள் நான் தரவேண்டியது ஒரு பக்கக் கடிதம். அது போனால் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் தப்பிப்பாள். போகாவிட்டால் அவள் வேலை போகும், பெயர் போலீஸுக்குப் போகும். கடிதம் எழுத உட்கார்ந்தால் கதைதான் வருகிறது.

2

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதி கொஞ்சம் வறட்சியாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது புரியாவிட்டால் என்னை நீங்கள் சுலபமாக மன்னித்துவிடுவீர்கள்.

எங்கள் நிறுவனம் வாயு விற்கிறது. வெல்டிங் பட்டறைகளுக்கு, ஆஸ்பத்திரிகளுக்கு, வீட்டோடு கிடக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கு. யார் வீட்டுக்கு என்றைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் போகவேண்டும் என்ற பட்டியலை மெயின்ஃபிரேம் என்கிற பெரிய மையக் கணினி ஒன்று தினமும் காலை ஆறு மணிக்குப் போடும். அதை ஓட்டுகிற நிரல் அசெம்ப்ளர் என்ற பழைய கணினி மொழியில் இருக்கிறது. பலர் கைபட்டு வளர்ந்தது. முழுதாகத் தெரிந்தவர்கள் என்று இப்போது இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவன் நான், மற்றவள் அந்தப் பெண்.

அந்த மொழிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு வரிக்கு எண்பது கட்டம், கட்டத்துக்கு ஒரு எழுத்து. நீங்கள் எழுத நினைப்பதை எழுபத்தொன்றுக்குள் முடித்துவிட வேண்டும். எழுபத்திரண்டாம் கட்டம் காலியாக இருக்கவேண்டும். அதில் எதையாவது வைத்தால், ‘இந்த வரி முடியவில்லை, அடுத்த வரியும் இதன் தொடர்ச்சிதான்’ என்று கணினி எடுத்துக்கொள்ளும். என்ன வைத்தீர்கள் என்று பார்க்காது. எழுத்து, எண், புள்ளி, எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

(அடிக்குறிப்பாகப் போடவேண்டியது. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கே: நிரலுக்குள் மனிதர்கள் படிப்பதற்காக எழுதுகிற குறிப்பு வரிக்குக் கமெண்ட் என்று பேர். கணினி அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். இப்போது மேலே சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு கமெண்ட் வரி எழுபத்திரண்டைத் தொட்டுவிட்டால், அடுத்த வரியும் கமெண்டின் தொடர்ச்சியாகிவிடும். அது எவ்வளவு முக்கியமான கட்டளையாக இருந்தாலும் சரி, கணினி அதையும் தாண்டிப் போய்விடும்.)

இன்னொன்று. அப்படி விழுங்கப்பட்ட வரி பதினாறாம் கட்டத்துக்கு முன்னால் தொடங்கியிருந்தால் கணினி எச்சரிக்கும். அதற்குப் பின்னால் தொடங்கியிருந்தால் வாயே திறக்காது. ‘இப்படியானால் இதைச் செய்’ என்ற வகைக் கட்டளைகளை இருபதாம் கட்டத்தில் தள்ளித் தொடங்குவது எங்கள் குழுவின் வழக்கம். படிக்க அழகாக இருக்கும் என்று பத்து வருஷத்துக்கு முன் அதைக் கொண்டுவந்தவனும் நான்தான்.

3

இப்போது அந்தப் பெண். அலுவலகத்தில் அவளுக்கு ‘ஸ்கேல்’ என்று பேர். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற முப்பது சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். சந்தேகம் வந்தால் எடுத்துத் திரையின் மேல் நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பார்ப்பாள். பேர் வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, டிபன் டப்பாவில்கூட அந்தப் பேரையே எழுதி ஒட்டியிருந்தாள்.

முந்தைய வரைவில் அவளைச் சண்டைக்காரியாக எழுதியிருந்தேன். புதிது எதைக் கண்டாலும் முகம் சுளிப்பவள், என் பதவிமேல் கண் வைத்தவள். நாலு பக்கம் கடகடவென்று வந்தது. படித்துப் பார்த்தபோதுதான் ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று புரிந்தது. அவள் கெட்டவளாக இருந்தால் எனக்கு வசதி. நாலு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். உண்மையில் அவள் நன்றாக வேலை தெரிந்தவள், பேச்சுக்கு நடுவில் சின்னதாகச் சிரிப்பவள், நாற்பத்திரண்டு வயது. கணவன் இல்லை. படுக்கையில் இருக்கும் அம்மாவும் ஒன்பதாவது படிக்கும் மகளும் அவள் பொறுப்பு.

எங்கள் பழைய எடிட்டர் கணினியோடு வந்தது. கருப்புத் திரை, பச்சை எழுத்து. அதன் திரையில் ஒரு வரிக்குச் சரியாக எழுபத்திரண்டு கட்டம்தான் தெரியும். கடைசிக் கட்டத்தில் எது விழுந்தாலும் திரையின் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். எழுத்தைப் பெரிதாக்க முடியாது, நிறம் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் வேறு வேலை தேடப் போய்விடுகிறார்கள் என்று மேலாளர் குறைப்பட்டார். நாங்கள் தினசரி வேலை பார்க்கும் சாதாரணக் கணினியிலேயே ஒரு நவீன எடிட்டரில் எழுதி, பிறகு மெயின்ஃபிரேமுக்கு ஏற்றிக்கொள்ளலாமே என்றார். எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு எடிட்டர், பன்னிரண்டு தலைப்பு, தலைப்புக்குப் பத்து மதிப்பெண்.

ஸ்கேல் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“எல்லாம் நல்லா இருக்கு சார். எழுபத்திரண்டு எங்க வருதுன்னு காட்டுமா?”

“காட்டும்மா. செட்டிங்ல ஒரு கோடு இருக்கு. போட்டுக்கலாம்.”

“போட்டுக்கலாமா, போட்டே இருக்குமா?”

“வேணுங்கறவங்க போட்டுக்க வேண்டியதுதான்.”

“அப்ப வேணாங்கறவங்க எடுத்துடுவாங்க சார்.”

“நம்ம ஆளுங்க யாரும்மா அதை எடுக்கப் போறாங்க?”

அவள் சிரித்துவிட்டு அட்டவணையைத் திருப்பித் தந்தாள். நான் அந்தக் கோட்டை எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது.

4

ஏன் எடுத்தேன் என்பதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், இதைத் தவிர வேறு எதற்காக எழுதுகிறேன்.

கண் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. “ஒரு கண்ணை மூடிட்டு நடுவுல பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா?”

“கொஞ்சம் வளைஞ்ச மாதிரி இருக்கு.”

“எந்த இடத்துல?”

“நடுவுல. புள்ளியைச் சுத்தி.”

“புள்ளி தெரியுதா?”

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறதாம். மெதுவாகப் போகும், நிற்காது, ஓரப்பார்வை கடைசிவரை இருக்கும். எதை நேராகப் பார்க்கிறேனோ அது தெரியாமல் போகும்.

அலுவலகத்தில் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருஷம் நாலு மாதம் தள்ளிவிட்டால் மரியாதையாக வெளியே வந்துவிடலாம். பழைய எடிட்டரின் பச்சை எழுத்துகள் எனக்கு எறும்பு ஊர்வதுபோல ஆகியிருந்தன. ஒரு வரியைப் படிக்கத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்தது. குருடன் கண்ணைக் கேட்டால் கடவுள் கண்ணாடியும் சேர்த்துக் கொடுத்ததுபோல— (இப்படி ஒரு பழமொழி கிடையாது. நானே கட்டிவிட்டேன். அடித்துவிடத்தான் வேண்டும், இருக்கட்டும்.)

பன்னிரண்டு தலைப்புகளில் ‘எழுத்தை எவ்வளவு பெரிதாக்கலாம்?’ என்பது இல்லை. எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். ஆனால் நான் பார்த்தது அதை மட்டும்தான். நான்கில் ஒன்றில் மட்டும் எழுத்து கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெருத்தது. பிறகு பன்னிரண்டு தலைப்புகளிலும் மதிப்பெண்ணை அங்கே கொஞ்சம் கூட்டி இங்கே கொஞ்சம் குறைத்து, அதுவே முதலில் வரும்படி செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் எனக்கு நல்ல கை.

எழுத்தைப் பெரிதாக்கினால் திரையில் ஐம்பது கட்டம்தான் கொள்ளும். மிச்சம் வலது பக்கம் வெளியே போய்விடும், நகர்த்தித்தான் பார்க்கவேண்டும். எழுபத்திரண்டைக் காட்டும் நெட்டுக்கோடு நகர்த்தும்போதெல்லாம் வந்து நிற்கும். மற்றவர்களுக்கு அது கோடு. எனக்கு நடுவில் வயிறு தள்ளி வளைந்து தெரிந்தது. டாக்டர் கொடுத்த தாளைத் தினமும் எட்டு மணி நேரம் பார்ப்பது போலிருந்தது. என்னால் முடியவில்லை, எடுத்துவிட்டேன்.

5

பரிந்துரை ஏற்கப்பட்டு இரண்டு வாரம் கழித்துச் செயல்விளக்கம். மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒரு முழுச் சுத்து காட்டிடுங்க. திருத்தறது, மேல ஏத்தறது, ஓட்டறது. எதுவும் உடையக் கூடாது, அவ்வளவுதான்.”

உடையாத திருத்தம் என்றால் கமெண்ட்தான். கமெண்டை மட்டும் தொட்டால் சோதனை ஓட்டம் தேவையில்லை என்பது எங்கள் விதி. நியாயமான விதிதான். கணினி படிக்காத வரியில் என்ன கெட்டுப்போகும்?

பட்டியல் போடுகிற நிரலைத் திறந்தேன். கண்ணில் பட்ட ஒரு கமெண்டில் நின்றேன். ‘வீடு பூட்டியிருந்தால் மறுநாள் பட்டியலில் மறக்காமல் சேர்க்கவும்’ என்று பொருள்படும் வரி. யாரோ எழுதிய நீளமான வாக்கியம், முடிவில் புள்ளி இல்லை. எனக்கு இதுவரை பதினோரு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. புள்ளி இல்லாத வாக்கியத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. வரியின் முடிவுக்கு நகர்த்தி ஒரு புள்ளி வைத்தேன்.

திரையின் கீழ் மூலையில் எத்தனையாவது கட்டம் என்று ஒரு எண் வரும். எழுத்தைப் பெரிதாக்கினாலும் அந்த எண் பெரிதாவதில்லை.

ஏற்றுவதற்குப் பேரும் கடவுச்சொல்லும் கேட்டது. என் பேருக்கு அந்த அனுமதி இன்னும் வரவில்லை, விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஸ்கேலுக்கு வந்திருந்தது. எதிர் மேஜையிலிருந்து கூப்பிட்டேன்.

“என்ன சார் மாத்தினீங்க?”

“கமெண்ட்தாம்மா.”

“கமெண்ட் மட்டுந்தானே?”

“கமெண்ட் மட்டுந்தான்.”

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் குனிந்து தன் பேரையும் கடவுச்சொல்லையும் தட்டினாள். ஏறியது, ஓடியது, பிழை எண் பூஜ்யம். மேலாளர் என் தோளில் தட்டி, “கதாசிரியர்னா சும்மாவா,” என்றார்.

இந்த இடத்தில் அவள் முகத்தை வர்ணிக்கலாம் என்று நினைத்தேன். ஒரு சந்தேக நிழல், ஒரு தயக்கம். அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. அவள் என் பேச்சை நம்பினாள். அதில் வர்ணிக்க ஒன்றுமில்லை.

அந்த வார இறுதியில் நிரல் நடைமுறைக்குப் போனது. புள்ளி எழுபத்திரண்டாம் கட்டத்தில் இருந்தது. அடுத்த வரி, ‘சேர்’ என்ற கட்டளை, இருபதாம் கட்டத்தில் தொடங்கியது.

6

டிரைவரை நான் பார்த்ததில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

‘முப்பத்தோரு வருஷம் எத்தனையோ பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தக் கைகள்—’ சீ. செத்தவரை வைத்து எனக்கு ஒரு நல்ல வாக்கியம்.

‘அவர் கடைசியாக என்ன நினைத்திருப்பார் என்று—’ எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவதை எழுதவே இல்லை, நேரில் போனேன். போன வாரம், மதியம். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒரு அறையும் சமையல் இடமும். கதவைத் திறந்த அவர் மனைவியிடம் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“சிலிண்டர் எடுக்க வந்தீங்களா? உள்ளதான் இருக்கு. நாங்க தொடவே இல்ல.”

கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. மூடியின் முத்திரைகூட உடையவில்லை.

“பத்தொம்பதாம் தேதி கரெக்டா கொண்டுவந்து வெச்சிட்டாங்க. வேணாம்ப்பா, அவர் போயிட்டாருன்னேன். லிஸ்ட்ல இருக்கும்மா, எறக்கித்தான் ஆகணும்னு சொல்லிட்டுப் போனாரு அந்தத் தம்பி.”

நான் உட்காரவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். குரலில் கோபம் இல்லை. பலபேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

“பதினொண்ணாம் தேதி வந்திருக்காங்க. நாங்க மூச்சு டெஸ்டுக்கு ஆஸ்பத்திரி போயிருந்தோம், வீடு பூட்டிக் கெடந்துச்சு. சரி, எப்பவும் மறுநாள் வந்துருவாங்களே. வரல. போன் பண்ணேன். அடுத்த தேதி பத்தொம்பதுன்னு காட்டுதும்மான்னாங்க. வீட்ல தீர்ந்துபோச்சும்மான்னேன். நேத்து டெலிவரி ஆயிடுச்சுன்னுதான் இருக்கு, நான் புகார் எழுதிக்கறேன், ரெண்டு நாள்ல கூப்பிடுவாங்கன்னாங்க. அந்தப் பொண்ணும் பாவம், திரையில இருக்கறதைத்தானே சொல்லும். கையில இருந்த சின்ன சிலிண்டரைக் கொறைச்சுக் கொறைச்சு வெச்சோம். அவரே திருகிக் கொறைப்பாரு. பதினாலாம் தேதி மதியம், ஆம்புலன்சுக்குப் போன் போட்டுட்டு வந்து பாக்கறேன்.” அதோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் பட்டியலில் சேராத வீட்டை, கொடுத்து முடித்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும். அந்த நாலு வாரத்தில் பூட்டியிருந்த வீடு அவருடையது மட்டுமல்ல. மற்றவர்கள் சத்தம் போட்டு வாங்கிக்கொண்டார்கள், அல்லது அவர்கள் வீட்டில் இன்னொரு சிலிண்டர் இருந்தது.

“நீங்க அங்க என்ன வேலையா இருக்கீங்க?” என்று கேட்டார்.

சொல்ல வாயெடுத்தேன். “எடுத்துட்டுப் போக ஆள் அனுப்பறேம்மா,” என்றேன். தெருமுனை வரை வேகமாக நடந்து வந்தேன். ஆள் அனுப்பவில்லை.

7

கண்டுபிடித்தது ஸ்கேல்தான். புகார் எங்கள் பிரிவுக்கு வந்த அன்று, பழைய எடிட்டரில் நிரலைத் திறந்திருக்கிறாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“சார், கொஞ்சம் இங்க வாங்க.”

திரையின் வலது ஓரத்தில் ஸ்கேலை நெட்டுக்குத்தாகப் பிடித்திருந்தாள்.

“இந்தப் புள்ளி தெரியுதா சார்?”

எனக்கு அவள் விரல் தெரிந்தது. ஸ்கேல் தெரிந்தது. புள்ளி தெரியவில்லை.

“தெரியுதும்மா,” என்றேன்.

யார் செய்தது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இருவருக்கும் தெரியும். அவளே மேலாளரிடம் போய்ச் சொல்லி, அன்றைக்கே திருத்தினாள். விசாரணைக் குழு பதிவேட்டைப் பார்த்தது. அந்தத் திருத்தத்துக்கு நேரே அவள் பேர்தான் இருந்தது. மேலாளருக்குச் செயல்விளக்கம் நடந்த தேதியே மறந்துபோயிருந்தது. அவர் அப்படி மறக்கிறவர் இல்லை. என்னிடம் கேட்டார்கள்: “அந்தத் திருத்தத்தைத் தட்டினது யாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“ஞாபகமில்லை,” என்றேன்.

இந்த ஒரு வார்த்தையைச் சுற்றி எவ்வளவோ எழுதிப் பார்த்துவிட்டேன். அது பயம், திட்டமிட்டது இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. எல்லாம் உண்மை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன். இத்தனை வயதுக்கு மேல் அதில் பாவத்தின் பக்கம் நான் நிற்பேன் என்று நினைக்கவில்லை.

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நேற்று போன் செய்தாள். பின்னால் அவள் அம்மா எதற்கோ முனகுவது கேட்டது.

“சார், பாஸ்வேர்டு போட்டது நாந்தான். அது தப்பு. அதுக்கு என்ன தண்டனைன்னாலும் வாங்கிக்கறேன். புள்ளி வெச்சது நான் இல்லன்னு நீங்க எழுதிக் குடுங்க.”

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“உங்க கண்ணு விஷயம் எனக்குத் தெரியும் சார். ரொம்ப நாளாவே தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல. இப்பவும் சொல்ல மாட்டேன். அதை எழுத வேணாம், புள்ளியை மட்டும் எழுதுங்க.”

“பாக்கறேம்மா.”

“உங்களுக்கு எழுதறது என்ன கஷ்டமா சார்?” அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

8

முடிவுகள். கைவசம் மூன்று இருக்கின்றன.

(அ) எழுதியவன் விசாரணைக்குப் போய் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான். அறை அமைதியாகிறது. அவள் கண் கலங்குகிறாள். வெளியே வந்ததும் அவனுக்கு மனசு லேசாகிறது. எழுதி முடித்தபோது எனக்கே மனசு லேசாகிவிட்டது. நான் இன்னும் ஒன்றும் செய்திருக்கவில்லை. இப்படி ஒரு முடிவை எழுதித்தள்ளிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

(ஆ) அவன் போகவில்லை. அவள் சிறைக்குப் போகிறாள். அவன் முழுக்கப் பார்வை இழந்து, அதைத் தண்டனையாக ஏற்றுக்கொள்கிறான். என் கண் போவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. டிரைவர் இறக்காவிட்டாலும் அது போகத்தான் போகிறது. அதைக் கணக்கில் காட்டித் தண்டனை அனுபவித்துவிட்டதாகச் சொல்வது கதையில்கூட மோசடி.

(இ) அவள் தானே ஆதாரம் கண்டுபிடித்துத் தப்பித்துவிடுகிறாள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. தினமும் குளிக்கும்போது நான் வேண்டிக்கொள்வது இதைத்தான். ஆதாரம் என்று ஒன்று இருந்தால் அது நான்தான்.

கடைசி வாக்கியத்தைப் புள்ளி வைக்காமல் விட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் முதல் நாளே தோன்றியது, நாலுபேர் பாராட்டுவார்கள் என்றும் தோன்றியது. அதைச் செய்யப்போவதில்லை. அந்த அம்மா வீட்டில் இன்னும் அந்தச் சிலிண்டர் நிற்கிறது.

9

வியாழக்கிழமை. மேலே உள்ளதையெல்லாம் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருந்தேன். காலையில் என் மனைவி சமையல் மேடையோரம் நின்றபடியே முழுக்கப் படித்தாள். பால் பொங்கியது, அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி படித்தாள். என் கதைகளை அவள் படிப்பதில்லை. இதுதான் முதல்.

“இதுல அவங்களுக்கு என்ன பிரயோஜனம்?” என்றாள்.

“இது கதை.”

“அதான் கேக்கறேன்.”

தாள்களை அடுக்கி மேஜைமேல் வைத்தாள்.

“வேலை போனா போகுது. நீங்க என்கிட்ட ‘ஞாபகமில்லன்னு சொல்லிட்டேன்’னு சொன்னீங்க பாருங்க, அன்னிலேருந்து எனக்கு உங்க பக்கத்துல படுக்கப் பிடிக்கல. சொல்லவும் தெரியல.”

முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் தேற்றவில்லை.

“மணி எட்டேகால். ஒரு பக்கம் எழுதுங்க. தேதி, என்ன பண்ணீங்க, யாரு பாஸ்வேர்டு போட்டா, அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம். எழுத்து தப்பா இருந்தா நான் பாத்துக்கறேன். நான் ரெடியாயிட்டு வரேன், ரெண்டு பேருமே போய்க் குடுத்துடலாம்.”

சரி என்றேன். கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். புதுப் பக்கம். மேலே தேதியைத் தட்டினேன். ‘விசாரணைக் குழுவினருக்கு’ என்று தட்டினேன். ‘அந்தத் திருத்தத்தைச் செய்தது—’ என்பதுவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. இந்தப் பக்கத்துக்கு மாறி, அவள் அடுப்படியில் நின்று படித்ததை எழுத ஆரம்பித்தேன். நன்றாக வந்துகொண்டிருக்கிறது.

இப்போது மணி ஒன்பது பத்து. அலுவலகத்துக்குப் பஸ்ஸில் நாற்பது நிமிடம். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசற்கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். வெளிச்சம் அறையில் பாதிவரை வந்திருக்கிறது.

“எழுதறீங்களா?” என்று அங்கிருந்தே கேட்கிறாள்.

“எழுதறேன்,” என்கிறேன்.

அவள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் என் முதுகும் விசைப்பலகையில் ஓடும் கைகளும்தான் தெரியும். நான் எதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.